5090 மெலிசா, 5080 தடியா? காசு கட்டறதுக்கு முன்னாடி கேக்கறேன்

நொய்யல்கரை:
வணக்கம்ங்க. மூணு வருசமா சேத்து வெச்ச காசு, ஒரே தடவைல போடப் போறேன், அதனால உங்ககிட்டல்லாம் கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன். கேமிங் லேப்டாப் வாங்கணும். ரெண்டு மாடல் பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு மெலிசு, ரெண்டு கிலோவுக்குள்ள, என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு. இன்னொண்ணு நல்ல தடி, ரெண்டே முக்கால் கிலோ வரும், ஆர்டிஎக்ஸ் 5080. ரெண்டும் 16 இன்ச், ரெண்டும் 2560க்கு 1600 திரை. கடைல எனக்குச் சொன்ன விலை, மொதலாவது நாலு லட்சத்தத் தாண்டிருச்சு, ரெண்டாவது மூணு லட்சத்தத் தொட்டு நிக்குது. வேலை சென்னைல, வீடு கோயமுத்தூர்ல, மாசம் ரெண்டு தடவ சேரன் ரயில்ல போய்ட்டு வருவேன், லேப்டாப்பும் கூடவே வரும். சைபர்பங்க் 2077 கேம பாத் ட்ரேஸிங் (வெளிச்சத்த நெசம் மாதிரி காட்டற செட்டிங்) போட்டு முழுசா விளையாடிப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ராத்திரில பிளெண்டர்ன்ற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் (3டி ஸீன படமா மாத்தற) வேலையும் எடுத்துப் பண்றேன். இப்ப கைல இருக்கறது பழைய 3060, 6 ஜிபி. ஒரு லட்சத்துக்கு மேல சேத்துப் போட்டு 5090க்குப் போறது ஞாயந்தானுங்களா?

ஒருதடவவாங்கு:
யோசிக்கவே வேணாம் நண்பா, 5090. பல லேப்டாப்ல ரேம் மாத்தலாம், எஸ்எஸ்டி மாத்தலாம், பேட்டரி கூட மாத்தலாம், கிராபிக்ஸ் கார்ட மாத்த முடியாது, மதர்போர்டுல சால்டர் பண்ணி ஒட்டி வெச்சிருக்கான். வாங்கற அன்னைக்கு என்ன எடுத்தியோ அதோடதான் அஞ்சாறு வருசம் குடும்பம் நடத்தணும். கார்டோட மெமரி 5080ல 16 ஜிபி, 5090ல 24 ஜிபி. கூடா கோர், அதாவது கார்டுக்குள்ள கணக்குப் போடற குட்டி யூனிட்டு, 7680 எங்க, 10496 எங்க. மூணுல ஒரு பங்குக்கு மேல கூட. உன் 6 ஜிபி 3060 இப்ப எப்படித் தவிக்குதுன்னு உனக்கே தெரியும், 2031ல இந்த 16ம் அப்படித்தான் நிக்கும். காச ஒரு தடவ அழுதுட்டு வாங்கிடு, வருசா வருசம் அழாத.

வாட்கணக்கு:
தம்பி, மேல இருக்கறவர் கோர் கணக்கு சொன்னது சரி. ஆனா ஒரு கேள்விய அவர் கேக்கவே இல்லையே. அந்த மெலிசான மெஷின்ல 5090க்கு எத்தன வாட் குடுக்கறான்? அது தெரியாம அது 5090ன்னு சொல்றதுக்கே அர்த்தமில்ல.

கொஞ்சம் விவரமாச் சொல்றேன். 2017ல என்விடியா மேக்ஸ்-கியூன்னு ஒரு பேரு கொண்டு வந்தான், மெலிசான லேப்டாப்புக்காக வாட் கொறச்ச கார்டுன்னு அர்த்தம், பெட்டிலயே போட்டிருக்கும், வாங்கறவனுக்குத் தெரியும். 2021ல 30 சீரிஸ் வந்தப்ப அந்த வால எடுத்துட்டான். அப்புறம் எல்லாமே ஒரே பேருதான், உள்ள ஓடற கரண்ட் மட்டும் ஒவ்வொரு மாடல்லயும் வேற வேற. 80 வாட் 3080ன்னு வித்தாங்க, அத 125 வாட் 3070 வந்து எட்டிப் புடிச்ச கதையெல்லாம் நடந்துச்சு. லேப்டாப் 5090க்கு என்விடியாவே சொல்ற எல்லை 95லருந்து 150 வாட், அதுக்கு மேல டைனமிக் பூஸ்ட்னு சிபியூகிட்ட இருந்து கார்டுக்குத் திருப்பி விடறது 25. ஆக முழு தீனி போட்டா 175, பட்டினி போட்டா 95. ரெண்டு பெட்டிலயும் ஒரே ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். 5080க்கும் உச்சம் அதே 175தான்.

ரெண்டு கிலோவுக்குள்ள இருக்கற ஒடம்புல 175 வாட் சூட்ட வெளிய தள்ற காத்தாடியும் செம்பும் எங்க வெக்கிறது? வெக்க முடியாது. அதனால கம்பெனிக்காரன் வாட்டக் கொறச்சிருப்பான். என் கணிப்புல மெலிசு 5090ம் தடி 5080ம் கிட்டத்தட்ட ஒரே எடத்துல வந்து நிக்கும். அந்த ஒரு லட்சம் பேருக்குத்தான்.

ஒருதடவவாங்கு:
வாட் கொறஞ்சாலும் கோர் கோர்தாங்க. கார்ட உச்சத்துக்கு விரட்டறப்ப கடைசி 30, 40 வாட்டுல வர்ற வேகம் ரொம்பக் கம்மி, நீங்க வாட் பேரே வெச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா. நெறைய கோர மெதுவா ஓட்டறது, கொஞ்சம் கோர வேகமா ஓட்டறதவிட சிக்கனம். அதனால 120 வாட் 5090, 120 வாட் 5080ஐ எப்பவும் ஜெயிக்கும்.

வாட்கணக்கு:
அது உண்ம, நான் மறுக்கல. ஆனா தம்பி முன்னாடி இருக்கறது 120க்கு 120 இல்லையே. 120 மாதிரி ஒண்ணுக்கும் 175க்கும். அந்த 55 வாட்டு போனா நீங்க சொன்ன கோர் லாபம் பெரும்பாலும் அதுலயே கரைஞ்சிடும். நான் ஒரு தடவ பட்டிருக்கேன், அதான் இவ்வளவு கத்துறேன். பேரு சொல்ல வேணாம், ஒரு கம்பெனியோட மெலிசு மாடல், 4070னு பெட்டில பெரிசா போட்டிருந்துச்சு. வீட்டுக்கு வந்து பாத்தா 80 வாட்டத் தாண்டல. பக்கத்து வீட்டுப் பையன் வெச்சிருந்த 4060 அதோட தோளுக்குத் தோள் நிக்குது, அவன் குடுத்தது என்னைவிட நாப்பதாயிரம் கம்மி. கடைக்காரர்கிட்ட கேட்டா "சார் கார்டு 4070தானே, பொய் சொல்லலையே"ன்றார். பொய் சொல்லலதான்.

ரிச்சித்தெரு:
நாலு லட்சம்ன்னு எழுதியிருக்கறதப் படிச்சதும் வயிறு எரியுது. பேருன்னு பேச்சு வந்துடுச்சு, அதையும் முழுசாச் சொல்லிடுவோம். டெஸ்க்டாப் 5090ல 21760 கோர், 32 ஜிபி, 575 வாட். லேப்டாப் 5090ல 10496. பாதிகூட இல்ல. ஏன்னா அது அந்த சிப்பே கெடயாது, டெஸ்க்டாப் 5080ல போடற அதே ஜிபி203 சிப்புதான் லேப்டாப்புக்கு வந்து 5090ன்னு பேரு மாத்திக்குது. கீழ வரைக்கும் இதே கததான், லேப்டாப் 5070 டிஐ உள்ள இருக்கறது டெஸ்க்டாப் 5070 சிப்பு, லேப்டாப் 5070 உள்ள இருக்கறது டெஸ்க்டாப் 5060 டிஐ சிப்பு. ஒவ்வொண்ணும் ஒரு படி மேல பேரு போட்டுக்குது.

என் யோசனை: சென்னைல ஒரு டெஸ்க்டாப், 5070 டிஐ, 16 ஜிபி, 8960 கோர், 300 வாட். அது லேப்டாப் 5090க்கு சளைக்காது. கூட கையில தூக்கிட்டுப் போக சாதா லேப்டாப் ஒண்ணு. டெஸ்க்டாப்ல சன்ஷைன், லேப்டாப்ல மூன்லைட்னு ரெண்டு ஸ்ட்ரீமிங் ஆப் போட்டா கோயமுத்தூர்ல ஒக்காந்து சென்னை மெஷின்ல விளையாடலாம், ரெண்டு பக்கமும் ஃபைபர் லைன் இருந்தா போதும். ரெண்டும் சேத்தே உங்க 5080 லேப்டாப் விலைக்கு ஒட்டி வந்துடும். அஞ்சு வருசம் கழிச்சு கார்ட மட்டும் கழட்டி மாத்திக்கலாம்.

நொய்யல்கரை:
நீங்க சொல்றது காசுக் கணக்குல சரிங்க, நானே அத யோசிச்சேன். ஆனா சென்னைல இருக்கறது ஷேரிங் ரூம், மேசையே பாதிதான் எனக்கு. வருசத்துக்கு ஒரு தடவ ரூம் மாறுது. வேற ஊர்ல இருந்து ஓட்டினா, கரண்ட் போய் மெஷின் ஆஃப் ஆயிட்டா யாரு போய் ஆன் பண்றது? ரெண்டர் வேலைக்கு ஆள் கேக்கறது வெள்ளி ராத்திரி, நான் அப்ப ரயில்ல இருப்பேன். லேப்டாப்ன்னு முடிவு பண்ணிட்டேங்க, எந்த கார்டுன்றதுதான் கேள்வி.

ரிச்சித்தெரு:
சரிங்க, எடமே இல்லன்னா நான் என்ன சொல்றது. ஆனா இத படிக்கற மத்தவங்களுக்காகச் சொன்னேன், வீட்டவிட்டு லேப்டாப்ப எடுக்கவே எடுக்காதவங்க எத்தனையோ பேரு மூணு லட்சத்துக்கு கேமிங் லேப்டாப் வாங்கி மேசைலயே வெச்சிருக்காங்க.

செங்கல்சுவர்:
நான் கட்டட வடிவமைப்பு பண்றேன், மதுரை. கேம் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது, அந்த பிளெண்டர் வரிய மட்டும் புடிச்சிக்கறேன், ஏன்னா யாருமே அதப் பேசல, எல்லாரும் ஃப்ரேம் கணக்குலயே இருக்கீங்க.

கேம்ல விரேம் (கார்டோட சொந்த மெமரி) பத்தலன்னா செட்டிங்க ஒரு படி எறக்கிட்டு விளையாடிடலாம். வேலைல அப்படி எறக்க முடியாது. என்கிட்ட இருக்கறது 8 ஜிபி கார்டு. ஒரு வீடு, சுத்தி தோட்டம், கல் பாவுன முற்றம், இவ்வளவுதான் ஸீன். பிளெண்டரோட ரெண்டர் இஞ்சின் சைக்கிள்ஸ்ல 4கே டெக்ஸ்ச்சர் (பொருள் மேல ஒட்டற படம்) ஒண்ணு, 4096க்கு 4096, பிக்சலுக்கு நாலு பைட்டுன்னு போட்டாலே 64 எம்பி. ஃபைலா பாத்தா ஜேபெக் அஞ்சு எம்பிதான் இருக்கும், அத பாத்து ஏமாந்துடக் கூடாது, கார்டுக்குள்ள போறப்ப விரிஞ்சிடும். 8கேன்னா ஒண்ணே 256 எம்பி. சுவர், தர, கூர, மரம், எல்லாத்துக்கும் கலர் படம் தனி, மேடுபள்ளம் காட்டற நார்மல் படம் தனின்னு அடுக்கிக்கிட்டே போனா 8 ஜிபி எங்க போச்சுன்னே தெரியாது. நிரம்பினதும் என்ன ஆகுது, மீதிய சிஸ்டம் ரேம்ல வெச்சு, கார்டையும் மதர்போர்டையும் இணைக்கற பிசிஐஇ வழியா இழுக்குது. கார்டோட சொந்த மெமரி செகண்டுக்கு 256 ஜிபி ஓடும் (என்னோடது லேப்டாப் 4070), அந்த பிசிஐஇ வழி நாலாவது தலமுற, எட்டு லேன், 16 ஜிபிதான். எட்டு நிமிசத்துல முடியற ஃப்ரேம் அரமணி நேரம் இழுத்தது. வாடிக்கையாளர் காத்துக்கிட்டு இருக்கார், நான் ஒவ்வொரு டெக்ஸ்ச்சரா 2கேக்கு எறக்கிக்கிட்டு இருக்கேன், அப்படி எறக்கினா 64 எம்பி 16 ஆகும், ஆனா முற்றத்துக் கல்லு கிட்டத்துல பாத்தா மெழுகு மாதிரி ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி நான் அழுதுட்டேன், சொல்றதுக்கு என்ன.

அதனால தம்பி, கோரும் வாட்டும் அப்புறம். உங்க ஸீன் எத்தன ஜிபி எடுக்குதுன்னு மொதல்ல பாருங்க. உங்க 3060ல பாக்க முடியாது, 6லயே முட்டிடும். சிபியூ ரெண்டர் போடுங்க, மெதுவாத்தான் ஓடும், ஆனா பீக் மெமரின்னு ஒரு எண்ணு காட்டும், கார்டுலயும் சுமாரா அவ்வளவுதான் எடுக்கும். அத வெச்சு முடிவு பண்ணுங்க.

ஒருதடவவாங்கு:
அக்கா சொன்னது நான் சொன்னதேதான். 24 ஜிபி வாங்குன்றேன்.

செங்கல்சுவர்:
இல்ல, நான் 24ன்னு சொல்லல. அளந்து பாத்துட்டு வாங்குங்கன்னு சொன்னேன். 9 ஜிபி ஸீனுக்கு 24 ஜிபி வாங்கினா மீதி 15 சும்மா கெடக்கும், அது ஒரு லட்சம்.

விடுதி306:
திருச்சில படிக்கறேன், ஹாஸ்டல். நீங்கள்லாம் 5080க்குக் கீழ எறங்கவே மாட்டேங்கறீங்க அண்ணா. 5070 டிஐ ஒண்ணு இருக்குல்ல. 12 ஜிபி, 5888 கோர், 140 வாட் வரைக்கும் போகுது. நான் அதான் வாங்கினேன், எங்கப்பா குடுத்தது பாதி, நான் பார்ட் டைம்ல சேத்தது பாதி. 5070க்கும் இதுக்கும் இருக்கற வித்தியாசம்தான் பெரிசு, 5070ல 8 ஜிபிதான், கோர் எண்ணிக்க பழைய 4070ல இருந்த அதே 4608. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் மினிமமே 8 ஜிபி கேக்குது, அதுவும் ரே ட்ரேஸிங் கார்டு இல்லாம ஓடவே ஓடாது. 2025 மே வந்த டூம் த டார்க் ஏஜஸும் அப்படித்தான். மினிமம்லயே 8ன்னா, பெரிய காசு போட்டு 8 ஜிபி கார்டு வாங்கறது எனக்குச் சரியாப் படல. 12 இருந்தா இந்தத் திரைக்கு இப்ப தாராளம். 2560க்கு 1600ன்றது நாப்பது லட்சம் பிக்சல் சொச்சம், ஃபுல் எச்டிய மாதிரி ரெண்டு மடங்கு, ஆனா 4கேல பாதிதான். நீங்க 4கே திரை வாங்கலயே, அப்புறம் எதுக்கு 5090 அண்ணா?

வாட்கணக்கு:
அளந்து பேசற பையன். கேமுக்கு மட்டும்னா நானும் 5070 டிஐதான் சொல்லியிருப்பேன்.

ஒருதடவவாங்கு:
பாத் ட்ரேஸிங்னு அவர் எழுதினதப் படிச்சீங்களா தம்பி? சைபர்பங்க்ல அது 2023 ஏப்ரல்ல வந்தது, இன்னைக்கு வரைக்கும் கார்டுகள மூச்சுத் திணற வெக்கிற செட்டிங் அது. ஒவ்வொரு வெளிச்சமும் எங்க பட்டு எங்க தெறிக்குதுன்னு கணக்குப் போடுது. அதுல 12க்கும் 16க்கும் 24க்கும் வித்தியாசம் தெரியும்.

விடுதி306:
டிஎல்எஸ்எஸ் 4 (ஏஐ வெச்சு ஃப்ரேம கூட்டற என்விடியா நுட்பம்) இருக்கே அண்ணா, மல்ட்டி ஃப்ரேம் ஜெனரேஷன் 50 சீரிஸ் எல்லாத்துலயும் இருக்கு, ஒரு ஃப்ரேமுக்கு மூணு ஃப்ரேம் அதுவே போட்டுக் குடுக்குது. நான் பாத் ட்ரேஸிங் போட்டு செகண்டுக்கு நூறு ஃப்ரேமுக்கு மேல பாத்திருக்கேன்.

ஒருதடவவாங்கு:
இங்கதான் நான் கோவப்படுவேன். அது நூறு இல்ல தம்பி. கார்டு நெசமாப் போடறது 25, 30 ஃப்ரேம், நடுவுல மூணு மூணா அதுவா வரைஞ்சு நிரப்புது. கண்ணுக்கு வழவழன்னு இருக்கும், கைக்கு இருக்காது. மவுஸ நகத்தினா அது 30ல ஓடற கேம் மாதிரிதான் பதில் சொல்லும், ஃப்ரேம் ஜெனரேஷனே கொஞ்சம் தாமதத்தச் சேக்குது வேற. அடியில 60 நெசமா இருந்து அத 120, 180 ஆக்கினா ரொம்ப நல்லா இருக்கு, நானே எப்பவும் போட்டுத்தான் விளையாடறேன். 30அ 120 ஆக்கறது வேற கத. அதுவுமில்லாம ஃப்ரேம் ஜெனரேஷனும் விரேம் சாப்பிடும். அடித்தளத்துக்கு நெசமான குதிரச் சக்தி வேணும், அதுக்குத்தான் பெரிய கார்டு.

விடுதி306:
அப்ஸ்கேலிங்க (சின்னதா வரைஞ்சு பெரிசாக்கற செட்டிங்) குவாலிட்டில இருந்து பேலன்ஸ்டுக்கு எறக்கினா அடியிலயே 45 வருது அண்ணா. டிஎல்எஸ்எஸ் 4ல வந்த புது மாடல்ல அது முன்ன மாதிரி மங்கலாத் தெரியல. கண்ட்ரோலர்ல விளையாடறேன், எனக்குத் தாமதம் ஒறைக்கல. நீங்க மவுஸ் வெச்சு சுடற கேம் விளையாடறவரு போல. அது ஆளுக்கு ஆள் மாறும்ல.

ஒருதடவவாங்கு:
கண்ட்ரோலர்னா ஒத்துக்கறேன், கொஞ்சம் மறையும்.

மலைக்கோட்ட:
நடுவுல ஒரு சந்தேகம். ஏஎம்டி கார்டே யாரும் சொல்லலையே ஏன்?

வாட்கணக்கு:
இந்த வெலைல கெடைக்கறதில்ல, அதான். 2023 கடைசில ஆர்எக்ஸ் 7900எம்னு 16 ஜிபி கார்டு ஒண்ணு ஏலியன்வேர் எம்18ல வந்துச்சு, அதோட சரி, பெரிசாப் பரவல. இப்ப ஏஎம்டி லேப்டாப்ல கவனம் வெச்சிருக்கறது ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 மாதிரி சிப்புல, சிபியூவும் கிராபிக்ஸும் ஒண்ணா, மெமரி 128 ஜிபி வரைக்கும் பொதுவா. வீட்டுலயே பெரிய ஏஐ மாடல் ஓட்டறவங்களுக்கு அருமையான பொருள். கேம்ல 5080 பக்கத்துல நிக்காது. பிளெண்டர் வேல இருக்கறவங்களுக்கு ரெண்டர வேகப்படுத்தற என்விடியாவோட ஆப்டிக்ஸ் பழகிட்டா விட முடியாது.

செங்கல்சுவர்:
ஆமா, ஆப்டிக்ஸ விட்டு வர மனசு வராது.

நொய்யல்கரை:
அக்கா சொன்ன மாதிரி நேத்து ராத்திரி பூரா ஒக்காந்து பாத்தேனுங்க. என்கிட்ட இருக்கற ஸீன்லயே கனமானது, ஒரு கல்யாண மண்டபத்தோட உள் அலங்காரம், பூ தோரணம், சரவிளக்கு எல்லாம் இருக்கு. சிபியூல போட்டேன், பீக் மெமரி 11 ஜிபி சொச்சம். அதாவது 12ல அடங்காது, விண்டோஸும் திரையும் எடுக்கறது போக எடமில்ல. 16ல அடங்கும். இதுக்கு முன்னாடி இந்த எண்ண நான் பாத்ததே இல்ல, இத்தன நாளா 6 ஜிபில டெக்ஸ்ச்சர வெட்டி வெட்டியே ஓட்டிருக்கேன்.

ஒருதடவவாங்கு:
இன்னைக்கு 11. போன வருசம் உன் ஸீன் எவ்வளவு இருந்திருக்கும்? இன்னும் ரெண்டு வருசத்துல உனக்குப் பெரிய வேலை வரும், வரணும்னு நானும் வேண்டிக்கறேன், அப்ப 16 முட்டும். நீ வாங்கறது இன்னைக்கு ஸீனுக்கா, நாளைக்கு ஸீனுக்கா?

செங்கல்சுவர்:
இது நல்ல கேள்வி. நான் பதில் சொல்றேன். பெரிய வேலை வந்தா பெரிய காசும் வரும், ஒண்ணு ரெண்டு ஃப்ரேமுக்கு வாடகை ரெண்டர் ஃபார்ம்ல அனுப்பிடலாம், அந்தச் செலவ வாடிக்கையாளர் கணக்குல போட்டுடலாம். நான் இப்ப அப்படித்தான் ஓட்டறேன். ஆனா மாசத்துல பாதி நாள் 16அ தாண்டற ஸீன்தான்னா 24 வாங்கறதுதான் மரியாத. தம்பிக்கு வேலைல எவ்வளவு வருமானம்ன்றது தம்பிக்குத்தான் தெரியும்.

வாட்கணக்கு:
தம்பி கடைக்குப் போறப்ப இதப் பாத்துட்டு வாங்க, போன்ல கேட்டா எந்தக் கடைலயும் சரியாச் சொல்ல மாட்டாங்க. டெமோ பீஸ் ரெண்டையும் ஆன் பண்ணச் சொல்லுங்க, சார்ஜர் சொருகியிருக்கணும், பேட்டரில ஓட்டினா எந்தப் பெரிய கார்டும் பாதி உசுரோடதான் ஓடும். என்விடியா கண்ட்ரோல் பேனல தெறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போனீங்கன்னா அந்தக் கார்டுக்கு உச்ச வாட் எவ்வளவுன்னு அதுவே காட்டும். கருப்புத் திரை கமாண்ட் தெரிஞ்சா என்விடியா-எஸ்எம்ஐ போட்டும் பாக்கலாம். அது காட்டறது தாளு எண்ணு, நெசமா ஓடறது வேற, அதனால சைபர்பங்க் இருந்தா அதுல இருக்கற பெஞ்ச்மார்க்க திரும்பத் திரும்ப 20 நிமிசம் ஓட விடுங்க. மொத ரெண்டு நிமிசம் எல்லா லேப்டாப்பும் புலிதான், செம்பு சூடாகற வரைக்கும். பதினஞ்சாவது நிமிசத்துல வாட் எவ்வளவுல நிக்குது, அதான் நீங்க காசு குடுத்து வாங்கற கார்டு.

இன்னொண்ணு, ஷோரூம்ல ஏசி 22, 24ல ஓடும். உங்க ரூம்ல மே மாசம் எவ்வளவு? 35ன்னே வெச்சுக்குங்க. அந்த 11 டிகிரி அப்படியே உள்ள சூட்டு மேல ஏறும், கூலிங் என்ன பண்ணினாலும் அறை சூட்டுக்கு மேல இத்தன டிகிரின்னுதான் அதால நிறுத்த முடியும். கடைல 76 காட்டறது உங்க ரூம்ல 87. அங்கயே 86 காட்டுச்சுன்னா அத எடுக்காதீங்க, சென்னை வெயில்ல அது கை விட்டுடும்.

மக்ஸ் ஸ்விட்ச் இருக்கான்னும் கேளுங்க, இந்த வெலைல இருக்கும், ஆனாலும் கேளுங்க. அது இல்லன்னா பெரிய கார்டு போட்ட படம் சின்ன கிராபிக்ஸ் வழியா சுத்தித்தான் திரைக்கு வரும், ஃப்ரேம் கொறையும்.

விடுதி306:
சத்தமும் பாருங்க அண்ணா. டர்போ மோட்ல எங்க ரூம்ல என் லேப்டாப் போட்டா பக்கத்து பெட் பையன் எந்திரிச்சிடறான். நீங்களும் ஷேரிங் ரூம்னு சொன்னீங்க.

ரிச்சித்தெரு:
ரேமும் எவ்வளவு போட்டு வருதுன்னு பாருங்க. முன்னாடில்லாம் 16 ஜிபியோட வாங்கி அப்புறம் வெளிய வாங்கிப் போட்டுக்கோன்னு நானே சொல்லுவேன். 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தத்துல அந்தக் கணக்கு இப்ப செல்லாது. 32 ஜிபியோட வந்தா அதையே எடுங்க.

நொய்யல்கரை:
போய்ட்டு வந்துட்டேனுங்க. ரெண்டு மணி நேரம் கடைல நின்னேன், அந்தப் பையன் பாவம், மொதல்ல ஒரு மாதிரி பாத்தான், அப்புறம் அவனே ஆர்வமாகி கூட ஒக்காந்துட்டான்.

மெலிசு 5090, கண்ட்ரோல் பேனல்ல உச்சம் 120 வாட். வாட்கணக்கு அண்ணன் சொன்னது அப்படியே. தடி 5080, 175. பெஞ்ச்மார்க் ரெண்டுலயும் ஒரே செட்டிங்ல, ஃப்ரேம் ஜெனரேஷன நிறுத்திட்டு ஓட்டினேன். மொத ரவுண்டுல 5090 ஒரு படி முன்னாடி. இருபது நிமிசம் கழிச்சு ரெண்டும் மூணு நாலு ஃப்ரேம் வித்தியாசத்துக்குள்ள வந்துருச்சு, ஒரு ரவுண்டுல இது முன்னாடி, ஒரு ரவுண்டுல அது. சூடு மெலிசுல 83, தடில 74. மெலிசுல நம்ம வெரல் வெக்கிற எடம், டபிள்யூ, ஏ, எஸ், டி சுத்தி, கை வெச்சு வெச்சு எடுக்கற மாதிரி சுட்டுச்சு. தடில சத்தம் இருக்கு, ஆனா சூடு மேல வரல.

தூக்கிப் பாத்தேன். அதுதான் யோசிக்க வெச்சது. மெலிசு கைல இருக்கறதே தெரியல. தடியும் அதோட 330 வாட் அடாப்டரும் சேத்தா மூணரைக் கிலோவுக்கு மேல, அந்த அடாப்டரே ஒரு செங்கல்லு. சேரன்ல அப்பர் பெர்த்துக்கு அத ஏத்தி எறக்கறத நெனச்சேன்.

ஆனா 5080தான் எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். என் ஸீன் 11, கார்டு 16. கேம்ல ரெண்டும் ஒண்ணுதான்னு கண்ணால பாத்துட்டேன். மீதி காச எங்கம்மாகிட்ட குடுத்து வெக்கப் போறேன், எடுத்துச் செலவழிக்காம இருக்கணும்.

ஒருதடவவாங்கு:
நல்லா அளந்து எடுத்திருக்க நண்பா, வாழ்த்துகள். 120 வாட்டுன்றத நான் கேக்காமலே 5090ன்னு சொன்னது என் தப்பு, அத ஒத்துக்கறேன். ஆனா என் பேச்ச முழுசா வாபஸ் வாங்கல. அதே 5090, 175 வாட் குடுக்கற தடி ஒடம்புல இருந்து, கையில காசும் இருந்தா, அப்பவும் நான் 5090தான் சொல்லுவேன். அந்த 24 ஜிபிக்கு வேற மாத்து கெடயாது.

வாட்கணக்கு:
அப்படிச் சொன்னா எனக்கும் சண்ட இல்ல.

செங்கல்சுவர்:
அடாப்டர் விசயத்துக்கு ஒரு வழி சொல்றேன் தம்பி. அந்தச் செங்கல்ல சென்னைலயே விட்டுடுங்க. 100 வாட் டைப்-சி சார்ஜர் கையளவுதான் இருக்கும், அத எடுத்துட்டுப் போனா மாடல் திருத்தறது, மெயில், படம் பாக்கறது எல்லாம் நடக்கும், கேமும் ரெண்டரும் மட்டும் நடக்காது.  ஆனா எல்லாத் தடி மாடல்லயும் டைப்-சில கரண்ட் ஏறாது, சிலதுல அந்த ஓட்ட டேட்டாவுக்கு மட்டும்தான். பாத்துக்குங்க.

நொய்யல்கரை:
அத நான் பாக்கவே இல்லைங்களே அக்கா. நாளைக்கு காலைல என் பழைய சார்ஜர எடுத்துட்டுப் போய் அந்த டெமோ பீஸ்ல சொருகிப் பாத்துட்டு அப்புறம் பணம் கட்டறேன்.